சான் பிரான்சிஸ்கோ பக்கம் ட்ரைபல் பெல்லி டான்ஸ்: முதல் வகுப்பிலிருந்து முதல் சம்பளம் வரை

ஃப்ரீமான்ட்டுக்குக் குடிவந்து மூன்றாவது வருடம். ஒரு உணவகத்தில் இருபது நிமிடம் ஆடி முடித்தேன். மேனேஜர் கையில் ஒரு கவரைத் திணித்தார். உள்ளே நூறு டாலர். அமெரிக்காவில் என் முதல் சம்பாத்தியம் என்று வீட்டுக்கு வந்து சாமி படத்தின் முன்னால் வைத்தேன். மறுநாள் பக்கத்து பிளாக் அக்காவிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உனக்கு எச்-4 தானே?" எச்-1பி வேலை விசாக்காரரின் கணவன் அல்லது மனைவிக்குக் கொடுக்கும் விசா அது. தனி அனுமதி இல்லாமல் அதில் சம்பாதிக்கக் கூடாது. அன்று சாயங்காலமே ரயிலேறிப் போய்க் கவரைத் திருப்பிக் கொடுத்தேன். மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தவள். முதலில் பாவாடை வாங்கினேன், அப்புறம் மேடையேறினேன், அப்புறம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன், காகித வேலையைக் கடைசியில் பார்த்தேன். இப்போது வாரம் இரண்டு வகுப்பு எடுக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் அதே கேள்விகளைக் கேட்பதால் சரியான வரிசையில் எழுதிவைக்கிறேன்.

1. எந்த நடனம் என்று முதலில் தெளிவாகுங்கள்

பெயரில் 'ட்ரைபல்' இருப்பதால் ஏதோ பழங்குடி நடனம் என்று ஊரில் நினைக்கிறார்கள். இல்லை. இது சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் உருவானது. எகிப்து, வட ஆப்பிரிக்கா, துருக்கி, இந்தியா, ஸ்பெயின் என்று பல இடங்களின் அசைவும் உடையும் இதில் கலந்திருக்கின்றன. வகுப்பு தேடும்போது இரண்டு பெரிய கிளைகளைப் பார்ப்பீர்கள்.

ஒன்று, கரோலினா நெரிச்சியோ 1987-ல் தொடங்கிய ஃபேட்சான்ஸ் பெல்லிடான்ஸ் குழுவின் முறை. இதில் பாட்டுக்கு முன்கூட்டியே நடனம் அமைப்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு அசைவுத் தொகுதி இருக்கும். முன்னால் நிற்பவர் கையாலோ உடம்புத் திருப்பத்தாலோ சைகை காட்டுவார், மற்றவர்கள் அந்தக் கணமே சேர்ந்துகொள்வார்கள். பார்ப்பவர்களுக்கு ஆறு மாதம் ஒத்திகை பார்த்தது போல இருக்கும். மற்றொன்று ட்ரைபல் ஃப்யூஷன். ஜில் பார்க்கர், ரேச்சல் பிரைஸ் போன்றவர்கள் வளர்த்தது. பெரும்பாலும் தனி ஆட்டம், அமைத்த நடனம், ஒவ்வொரு தசையையும் தனித்தனியாகப் பிரித்து அசைப்பது. இசையில் எலெக்ட்ரானிக் கூட வரும்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஃபேட்சான்ஸ் குழுவின் முறைக்கு முன்பெல்லாம் 'அமெரிக்கன் ட்ரைபல் ஸ்டைல்' என்று பெயர். இப்போது குழுவின் பெயரைச் சுருக்கி 'எஃப்சிபிடி ஸ்டைல்' என்கிறார்கள். 'ட்ரைபல்' என்ற சொல் பல மக்களைப் புண்படுத்துகிறது என்ற பேச்சு எழுந்த பிறகு, ஃப்யூஷன் ஆடுகிறவர்களில் பலரும் 'ட்ரான்ஸ்நேஷனல் ஃப்யூஷன்' என்று போட்டுக்கொள்கிறார்கள். பழைய போஸ்டரைப் பார்த்து அப்படியே காப்பியடித்துப் பெயர் வைக்காதீர்கள். 'ஜிப்ஸி' என்ற சொல்லை அறவே தவிருங்கள்.

என் அபிப்பிராயம்: முதலில் குழு முறை. தனியாக ஆடினால் தப்பை மறைத்துவிடலாம். நாலு பேர் நடுவில் நின்றால் முடியாது.

2. வகுப்பு, செலவு, காலம்

வாரம் ஒரு வகுப்பு, ஒன்றரை மணி நேரம், இருபது முதல் இருபத்தைந்து டாலர். நான் பார்த்தவரை சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் இதுதான் நிலவரம். எட்டு வகுப்புக்கு மொத்தமாகக் கட்டினால் கொஞ்சம் குறையும். முதல் மாதமே மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். நான் கட்டிய ஓரிடத்தில் மூன்றாவது வாரம் ஆசிரியர் ஊர் மாறிப்போய்விட்டார். பணமும் போயிற்று.

அடிப்படை அசைவுகள் உடம்பில் உட்கார ஆறு மாதம் பிடிக்கும். குழுவில் ஆடப் பயமில்லாமல் நிற்க ஒன்றரை வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பன்னிரண்டு வாரத்தில் மேடை' என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் போகாதீர்கள்.

பிற்காலத்தில் பாடம் எடுக்கும் எண்ணம் இருந்தால் சான்றிதழ் பாதையையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். எஃப்சிபிடி முறையில் முதலில் 'ஜெனரல் ஸ்கில்ஸ்', அதை முடித்தவர்களுக்கு 'டீச்சர் டிரெயினிங்', அதன் பிறகு 'சிஸ்டர் ஸ்டுடியோ' என்ற அங்கீகாரம். முதல் இரண்டும் சில நாள் தொடர்ந்து நடக்கும் தீவிரப் பயிற்சிகள். கட்டணம் சில நூறு டாலர். வெளியூரில் நடந்தால் விமானமும் தங்குமிடமும் கட்டணத்தைத் தாண்டிவிடும். ரேச்சல் பிரைஸின் '8 எலிமென்ட்ஸ்' என்ற பயிற்சி பல கட்டங்களாகப் போகிறது. சுஹைலா சலிம்பூர் என்ற பெல்லி டான்ஸ் ஆசிரியையின் முறையில் ஐந்து நிலைகள். சட்டப்படி இந்தச் சான்றிதழ் எதுவும் கட்டாயமில்லை. ஆனால் அந்த முறையின் பெயரைப் போட்டுப் பாடம் எடுப்பதென்றால் படித்திருக்க வேண்டும், அதுதான் நாணயம்.

சான்றிதழில் பெயரை எப்படி எழுதச் சொல்கிறீர்கள் என்பதில் கவனம். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டில் சர்நேம், கிவன் நேம் என்று பிரிக்காமல் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' (ஃபர்ஸ்ட் நேம் அன்னோன், அதாவது முதல் பெயர் தெரியாது) என்று அச்சடித்து விடுகிறார்கள். எனக்கு அப்படித்தான். என் முதல் சான்றிதழை 'திருமதி எஃப்என்யூ' பெற்றாள்.

3. பரதம் ஆடியவரா? உடம்பை மறக்க வையுங்கள்

பத்து வருடப் பரதம் இருப்பதால் சுலபமாக வந்துவிடும் என்று போனேன். தாளமும் கையைத் தூக்கி வைத்திருக்கும் தெம்பும் உதவின. மற்றதெல்லாம் எதிரி.

அரைமண்டியில் பாதமும் முட்டியும் வெளிப்பக்கம் திரும்பி இருக்கும். இங்கே பாதங்கள் நேராக, முட்டி லேசாகத் தளர்ந்து, நெஞ்சு உயர்ந்து நிற்க வேண்டும். பரதத்தில் நெஞ்சும் இடுப்பும் ஒரே கட்டையாகப் போகும். இங்கே நெஞ்சு நகரும்போது இடுப்பு நகரக் கூடாது. காலைத் தட்டவும் கூடாது. முதல் நாள் என் தட்டைக் கேட்டு வகுப்பே திரும்பிப் பார்த்தது.

'தக்சீம்' என்றொரு அசைவு. இடுப்பால் எட்டு போட வேண்டும். ஆர்டிஓ மைதானத்தில் ஸ்கூட்டரில் போடுகிற எட்டு தரையில் படுத்திருக்கும். இது நிமிர்ந்து நிற்கிற எட்டு. கண்ணாடி முன்னால் சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு பக்க இடுப்பை மட்டும் மேலே தூக்கி, வெளியே தள்ளி, கீழே இறக்கிப் பாருங்கள். தோள் அசைந்தால் திரும்ப முதலிலிருந்து. எனக்கு இதற்கு மட்டும் நாலு மாதம் ஆனது. அவசரப்பட்டு அடிமுதுகை வளைத்துச் செய்தால் எட்டு வந்துவிடும், கூடவே இடுப்பு வலியும் வரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

4. ஜில்ஸ்: பாவாடைக்கு முன் இதை வாங்குங்கள்

விரலில் மாட்டும் சின்னத் தாளங்களுக்கு 'ஜில்ஸ்' என்று பெயர். இரண்டு கையிலும் கட்டைவிரலுக்கு ஒன்று, நடுவிரலுக்கு ஒன்று, மொத்தம் நாலு. நல்ல ஜோடிகள் முப்பது டாலருக்கு மேல். நினைவுப் பொருள் கடையில் ஐந்து டாலருக்குக் கிடைப்பது தகர டப்பா போலச் சத்தம் போடும். ஒவ்வொன்றிலும் எலாஸ்டிக் நுழைக்க இரண்டு பிளவு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஒற்றை ஓட்டை வைத்தது விரலில் சுழலும். எலாஸ்டிக் நகத்துக்குக் கொஞ்சம் கீழே இறுக்கமாக நிற்க வேண்டும். விரல் நுனி சிவந்தால் சரி, நீலமானால் அதிகம்.

அடிப்படை அடியை 'கேலப்' என்பார்கள். வலது, இடது, வலது, ஒரு சின்ன நிறுத்தம். 'தகதிமி'யில் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டால் அதுதான். நின்றுகொண்டு ஒரு வாரம், நடந்துகொண்டு ஒரு வாரம், அப்புறம்தான் இடுப்போடு சேர்க்க வேண்டும்.

இங்கே அபார்ட்மென்ட் சுவர் மரமும் அட்டையும். இரண்டாவது வாரமே கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். குழந்தை சாக்ஸை வெட்டி ஜில்ஸுக்கு உறை போட்டுப் பழகுங்கள், சத்தம் பாதிக்கு மேல் குறையும். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாருக்கு மட்டும் இதில் ஏக சந்தோஷம். "என் பிள்ளைக்கு இதுவரை இவள் ஜால்ரா போட்டதே இல்லை" என்று போனில் எல்லோரிடமும் சொன்னார்.

5. உடை: இருபத்தைந்து கஜக் கணக்கு

குழு முறையின் உடை அடுக்கடுக்கானது. முதுகு திறந்த சோளி, அதன் மேல் நாணயம் தைத்த பிரா, உள்ளே தொளதொள பேன்ட், மேலே பாவாடை, அதற்கும் மேலே குஞ்சம் தொங்கும் பெல்ட், ஆப்கானிஸ்தானின் கூச்சி நாடோடி மக்களுடைய நகைகள். முகத்தில் பொட்டும் உண்டு. முதல் மேடைக்கு எல்லோரும் பொட்டுக்காகப் பதறியபோது என் கைப்பையில் இருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டைதான் குழுவைக் காப்பாற்றியது.

எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் ஐநூறு டாலர் சுலபமாகத் தாண்டும். குழுவை விட்டு விலகுகிறவர்கள் பாதி விலைக்கு விற்பார்கள், காத்திருந்து வாங்குங்கள். முதல் வருடத்துக்குப் பாவாடையும் ஜில்ஸும் போதும்.

இதன் புகழ்பெற்ற பாவாடைக்கு '25 கஜப் பாவாடை' என்று பெயர். சென்னையில் தைத்தால் மலிவு என்று அம்மாவிடம் சொன்னேன். "ஒன்பது கஜத்தையே கட்ட முடியாமல் அழுதவள் நீ" என்றார். டெய்லர் 25 கஜம் துணி வாங்கச் சொல்லி, மிச்சத்தில் இன்னொரு பாவாடை தைத்து வேறு யாருக்கோ விற்றிருப்பார் என்பது என் சந்தேகம். 25 கஜம் என்பது துணியின் அளவு இல்லை, கீழ் விளிம்பின் சுற்றளவு. கணக்கு இப்படி: நாலு அடுக்கு. கீழடுக்கு 25 கஜ நீளம், அதற்கு மேல் பன்னிரண்டரை, அதற்கு மேல் ஆறேகால், இடுப்பில் மூன்று சொச்சம். மொத்தம் 47 கஜ நீளத்துக்கு 11 அங்குலப் பட்டை. 44 அங்குல அகலத் துணியை நீளவாக்கில் நாலாகக் கிழித்தால் 12 கஜம், அதாவது 11 மீட்டர், போதும். தையலுக்குப் போக உயரம் 39, 40 அங்குலம் நிற்கும். மெல்லிய காட்டனாக எடுங்கள், பாலியஸ்டர் சுழலும்போது காலில் ஒட்டும்.

ஊரிலிருந்து பார்சல் வரவழைப்பவர்கள் கவனிக்க: 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. பெட்டியில் எடுத்துவரச் சொல்லுங்கள். தலை அலங்காரத்துக்கு மயிலிறகு கேட்காதீர்கள், இந்தியாவிலிருந்து அதை ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. பழைய கூச்சி நகைகளில் நிக்கல் கலந்திருக்கும். அரிப்பு வந்தால் நம் கவரிங் நகை வைத்தியமே வைத்தியம்: உள்பக்கம் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு.

6. கலக்கும் முன்

பரதத்தையும் இதையும் கலக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். எனக்கும்தான். ஆறாவது மாதமே தசாவதார முத்திரைகளை எலெக்ட்ரானிக் பாட்டுக்கு வைத்து ஒரு ஐட்டம் செய்தேன். கைதட்டினார்கள். என் ஆசிரியர் மட்டும், "இதில் எதை எடுத்தால் நடனம் விழுந்துவிடும்?" என்று கேட்டார். யோசித்தேன். எதை எடுத்தாலும் விழாது. எல்லாம் மேலே ஒட்டியது.

இப்போது நான் செய்வது இது. ஒரே ஒரு அம்சத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உதாரணமாக, ஐந்து எண்ணிக்கைக் கண்ட நடை. ஜில்ஸில் 'தகதகிட' அடித்துக்கொண்டு நாலு எண்ணிக்கை அசைவுகளை ஐந்துக்கு நீட்டுவது. உடம்பு முழுக்க பெல்லி டான்ஸ், கணக்கு மட்டும் நம்முடையது. இதற்கு ஒரு வருடம் ஆனது. குழுவினருக்கும் கற்றுக்கொடுத்து, சைகையும் வைத்துவிட்டேன். இப்போது நான் இல்லாவிட்டாலும் அவர்கள் ஆடுவார்கள்.

சில நடைமுறைகள்: நிகழ்ச்சித்தாளில் எது எங்கிருந்து வந்தது, யாரிடம் கற்றது என்று இரண்டு வரி போடுங்கள். சாமி சிலை, அபய முத்திரை, 'டெம்பிள் டான்ஸர்' என்ற அறிமுகம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கும் அமைப்பாளர்கள் உண்டு. மறுத்துவிடுங்கள். அரபு மொழிப் பாட்டென்றால் வரிகளின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மேடைக்கு எடுங்கள். தொழுகை வரிக்கு இடுப்பசைத்து ஆடிய ஒரு நிகழ்ச்சியில் நானும் நின்றிருக்கிறேன், இன்னும் கூசுகிறது.

7. காசு வாங்கும் முன் காகிதம்

எச்-4 விசாவில் வேலை அனுமதி இல்லாமல் பணம் வாங்கி ஆடுவதும் பாடம் எடுப்பதும் கூடாது. ரொக்கமாக வாங்கினாலும் அதே. மாணவர் விசாக்காரரின் துணைக்குக் கொடுக்கும் எஃப்-2விலும் கூடாது. மாணவர்களாக 'ஹஃப்லா' எனப்படும் கூடுகையில் சும்மா ஆடுவது வேறு. சம்பளம் கொடுக்க வேண்டிய வேலையை 'இலவசம்' என்று செய்வது வேறு. சந்தேகமிருந்தால் குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் வாங்குங்கள், இருநூறு முந்நூறு டாலர் வீண் போகாது.

எச்-4காரர்களுக்கு வேலை அனுமதி அட்டை 2015 முதல் இருக்கிறது. கணவர் அல்லது மனைவிக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) அங்கீகாரம் ஆகியிருக்க வேண்டும், அல்லது அவருடைய எச்-1பி ஆறு வருடத்தைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். விண்ணப்பப் படிவம் ஐ-765. கூட வைக்க வேண்டியவை: உங்கள் ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), பாஸ்போர்ட், பதிவு செய்த திருமணச் சான்றிதழ் (தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்புடன்), துணையின் எச்-1பி, ஐ-140 அங்கீகாரத் தாள்கள், இரண்டு புகைப்படம். கட்டணம் ஐநூறு டாலர் வாக்கில், அடிக்கடி மாறுகிறது. அனுப்புகிற அன்று குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் பாருங்கள், பழைய கட்டணம் வைத்தால் கட்டே திரும்பி வரும். அதே படிவத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கேட்டுவிடலாம்.

எனக்கு அட்டை வர ஐந்து மாதம். புதுப்பிக்க 180 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம், அன்றைக்கே அனுப்புங்கள். 2025 அக்டோபர் 30 முதல் கொடுக்கும் புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்குப் பழைய அட்டை தானாக நீளும் சலுகை இல்லை. நடுவில் அட்டை முடிந்தால் வகுப்பை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

அட்டை வந்ததும் இங்கே உங்கள் நகராட்சியில் தொழில் உரிமம். சான் பிரான்சிஸ்கோவுக்குள் தொழில் செய்தால் தொடங்கிய 15 நாளுக்குள் பதிவு. குடும்பப் பெயர் இல்லாத ஒரு பெயரில் நடத்தினால் கவுன்ட்டி அலுவலகத்தில் 'டிபிஏ' எனப்படும் தொழில் பெயரைப் பதிந்து, பத்திரிகையில் வாரம் ஒரு முறை நாலு வாரம் வெளியிட வேண்டும். ஐந்து வருடம் செல்லும். அந்த விளம்பரத்துக்குச் சின்ன வாரப் பத்திரிகைகளே மலிவு, நாலு இடம் விலை கேளுங்கள். பட்டியலில் முதலில் இருந்த பத்திரிகைக்கு நான் இரண்டு மடங்கு கொடுத்தேன்.

வரி: வருடத்தில் நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே சுயதொழில் வரி 15.3 சதவீதம் உண்டு. பாவாடை, ஜில்ஸ், வாடகை எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள். ஷூ டப்பா போதும்.

8. பாடம் நடத்த

எனக்கு அறை வாடகை மணிக்கு 40 டாலர். ஒன்றரை மணி நேரத்துக்கு 60. ஆளுக்கு 20 டாலர் என்றால் மூன்று பேர் வந்தால் கை நஷ்டமில்லை, ஆறு பேர் வந்தால் 60 டாலர் கையில், அதிலும் வரி போக வேண்டும். ஆகவே ஆறு பேர் பெயர் கொடுக்கும் வரை அறை பிடிக்காதீர்கள்.

ஸ்டுடியோக்காரர்கள் காப்பீடு கேட்பார்கள். பத்து லட்சம் டாலர் பொதுப் பொறுப்புக் காப்பீடு வழக்கம். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் நடன ஆசிரியர்களுக்கான திட்டங்களில் எனக்கு வருடத்துக்கு இருநூறு டாலர் பக்கம்தான் ஆகிறது. ஸ்டுடியோவையும் அதில் சேர்த்துச் சான்றிதழ் வாங்குங்கள். அவர்களே உங்களை வகுப்பெடுக்க அமர்த்தினால், யார் ஊழியர், யார் ஒப்பந்தக்காரர் என்று வரையறுக்கும் கலிஃபோர்னியாவின் ஏபி-5 சட்டத்தால் ஊழியராகச் சம்பளப் பட்டியலில் போடுவார்கள். அது உங்களுக்கு நல்லதுதான், தயங்க வேண்டாம்.

பக்கத்து ஆசிரியரை விடக் குறைந்த விலை போடாதீர்கள். இங்கே இதை யாரும் மறப்பதில்லை.

9. மேடை நாள்

ஆடுவதற்கு முன்னும் பின்னும் உடைக்கு மேல் நீள அங்கி போட்டுக்கொண்டுதான் நடமாட வேண்டும். நான் ஊரில் வாங்கிய நைட்டியைப் போட்டுப் போனேன், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. குழுவில் முன்னால் இடது மூலையில் நிற்பவர்தான் தலைமை. மற்றவர்கள் அவரைப் பார்க்கும்படி உடம்பை லேசாக இடப்பக்கம் திருப்பி நில்லுங்கள். நேராகச் சபையைப் பார்த்து நின்றால் சைகை தெரியாது. வாள் வைத்து ஆடுகிறவர்கள் விமானத்தில் போனால் செக்-இன் பெட்டியில் மட்டும், உறையோடு.

பையில் இருபது ஊக்கு, ஊசி நூல், உபரி எலாஸ்டிக். கடைசிச் சாமானை அலட்சியம் செய்யாதீர்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஒரு திருமண வரவேற்பில் வேகமான பாட்டு, சுழன்றபோது என் வலது கட்டைவிரல் ஜில் கழன்று பறந்தது. முதல் மேஜையில் ஒரு பெரியவரின் சூப் கிண்ணத்தில் விழுந்து, அன்று இரவு முழுவதிலும் சரியான சுருதியில் ஒலித்த ஒரே அடியாக அது இருந்தது. அவர் கரண்டியால் எடுத்து, நாப்கினில் துடைத்து, என்னிடம் நீட்டினார். எலாஸ்டிக் அந்துபோயிருந்தது.